அணங்கு, கள்வர், இறை: அசன்பே கதையும் கண்டி நகரமும்

அச்சம் என்னும் மெய்ப்பாடு நான்கு நிலைக்களன்களிற் பிறக்கும் எனத் தொல்காப்பியர் வகுத்தார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. பேயையும் புலியையும் திருடனையும் நிரல்பட நிறுத்திய இலக்கண ஆசிரியர், அந்நிரலின் இறுதியில் அரசனையும் கொண்டுவந்து நிறுத்தியமை சிந்திக்கத்தக்கது. வியப்பாகிய மருட்கையை அவர் அச்சத்துக்கு அடுத்து முன்னே வைத்ததும் பொருத்தமே. அஞ்சத்தக்கதை அஞ்ச வேண்டாத இடத்தில் இருந்துகொண்டு கேட்கும்போது உண்டாகும் இன்பம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. சுடுகாட்டு வழியே இரவில் தனித்துச் செல்லத் துணியாத இளைஞன், விளக்கருகே அமர்ந்து அதே சுடுகாட்டைப் பற்றிய கதையை விடியும்வரை வாசிப்பான். கதையில் வரும் நகரமும் போரும் அரசனும் உண்மையில் இருந்தவை என்று அறிந்தால் அவனுடைய நடுக்கம் இரட்டிக்கும், இன்பமும் அவ்வாறே.

இத்தகைய வாசிப்பைத் தமிழ்த் திறனாய்வு நெடுங்காலம் மதிக்கவில்லை. அற்புத நவிற்சிக் கதைகள், வீரதீரக் கதைகள் என்று பெயரிட்டு, யதார்த்த நாவல் என்னும் மாளிகைக்குப் போகும் வழியில் உள்ள திண்ணையாகவே அவற்றைக் கருதிற்று. சமுதாயத்தை உள்ளவாறு காட்டுவதே நாவலின் கடன் என்ற கொள்கை ஈழத்துத் திறனாய்வில் ஓங்கியிருந்த காலத்தில் இக்கணிப்பு இயல்பானதே. ஆயினும் திண்ணையில் அமர்ந்தவர் யார், எதைக் கண்டு அஞ்சினர், எதைக் காணாதவாறு முகத்தைத் திருப்பிக்கொண்டனர் என்ற வினாக்கள் வரலாற்று மாணவனுக்கு மாளிகையைவிடப் பயனுள்ளவை. ஈழத்துத் தமிழ் நாவலின் வரலாறு, கண்டி நகரில் பிறந்து வளர்ந்த ஒருவர் எழுதிய ஒரு திண்ணைக் கதையிலிருந்துதான் தொடங்குகின்றது.

1885 ஆம் ஆண்டு முகம்மது காசிம் சித்திலெப்பை 'அசன்பேயுடைய கதை' என்னும் நூலை வெளியிட்டார். பிற்காலத்தார் இதனை 'அசன்பே சரித்திரம்' என வழங்கினர். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879 இல் வெளிவந்து ஆறு ஆண்டுகளே கழிந்திருந்தன. ஈழத்தவர் எழுதிய முதல் தமிழ் நாவல் என்ற சிறப்பை அசன்பே கதைக்கே ஆய்வாளர் வழங்குவர்.

கதையின் எலும்புக்கூட்டைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். எகிப்து நாட்டின் தலைநகரான கெய்ரோவில் உயர்குடியைச் சேர்ந்த யூசுப் பாஷாவுக்கு மகனாகப் பிறந்த அசன், பிறந்த சில நாள்களிலேயே கடத்தப்படுகிறான். கடல் கடந்து பம்பாய்க்குக் கொண்டுவரப்பட்டு அங்கே வளர்கிறான். தன்னை வளர்ப்பவன் நல்லவன் அல்லன் என்று உணரும் பருவம் வந்ததும் தப்பியோடிக் கல்கத்தாவை அடைகிறான். அங்கே ஆங்கிலேயரின் ஆதரவு பெற்றுக் கல்வி கற்று, அறிவும் ஆண்மையும் உடைய இளைஞனாகிறான். பின் எகிப்துக்குச் சென்று, 'பே' என்ற பட்டத்துக்கு உரியவனாகி, தன் பிறப்பின் மறை நீங்கிப் பெற்றோரை அடைகிறான்.

இக்கதையில் பேய் இல்லை, பூதம் இல்லை. தொல்காப்பியரின் நான்கனுள் மூன்றாவதாகிய கள்வரே இதன் அச்சத்துக்கு வித்து. தொட்டிலில் கிடக்கும் குழந்தையைக் கைப்பற்றிச் செல்லும் கரம் எவருடையது என்ற கேள்வி, வாசகனைத் துறைமுகத்திலிருந்து துறைமுகத்துக்கு இழுத்துச் செல்கின்றது. தந்தை என எண்ணி உணவுண்டவனையே ஐயுற நேரும் சிறுவனின் நிலை, பேயைக் காண்பதைவிடக் கொடியது. பேயிடமிருந்து தப்பிய சிறுவன் வீட்டுக்குள் ஓடுவான். இவனோ வீட்டிலிருந்தே தப்பியோட வேண்டியவனாகிறான். இளம் வாசகரின் உள்ளத்தை இது எவ்வாறு பற்றியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. தன் பெற்றோர் உண்மையில் வேறு யாரோ, தான் எங்கோ ஓர் அரண்மனையில் பிறந்தவனோ என்று பதின்பருவத்தில் ஒருமுறையேனும் கற்பனை செய்யாதவர் அரியர்.

நூலாசிரியரின் வாழ்க்கை கதையைவிடத் தெளிவானது. சித்திலெப்பை 1838 இல் கண்டியில் பிறந்தவர். தந்தையார் ஈழத்து முஸ்லிம்களுள் முதன்முதற் சட்டத்துறையிற் புகுந்தோருள் ஒருவர். மகனும் அவ்வழியே சென்று 1860 களில் பிரக்கிராசியானார். அறபு மொழியை வீட்டிலும் ஆங்கிலத்தைப் பள்ளியிலும் பெற்றவர், தமிழை இவ்விரண்டையும் ஏற்றிச்செல்லும் ஓடமாக ஆக்கினார். 1882 டிசம்பரில் 'முஸ்லிம் நேசன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். 1884 முதல் கொழும்பில் முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பள்ளி அமைக்கும் முயற்சியில் இறங்கினார். கண்டியில் பெண்பிள்ளைகளின் கல்விக்கும் உழைத்தார். ஒரு சமூகம் ஆங்கிலக் கல்வியைக் கண்டு அஞ்சி ஒதுங்கியிருந்த வேளையில், அவ்வச்சத்தைப் போக்குவதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர் அவர். அத்தகையவர் எழுதிய கதையில் ஓர் இளைஞன் கல்வியாலேயே மீட்சி பெறுவது தற்செயலன்று. கடத்தப்பட்டு, தன் பெருமையை அறியாது அயலிடத்தில் வளர்ந்து, கல்வியின் துணையாற் பிறப்புரிமையை மீட்கும் அசனிடத்து ஒரு சமூகம் முழுவதையும் ஆசிரியர் கண்டார் போலும்.

கதைக்களம் எகிப்தாக அமைந்தது ஏன்? 1869 இல் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்ட பின் ஐரோப்பாவிலிருந்து கீழ்த்திசைக்கு வரும் கப்பல்கள் எகிப்தைத் தொட்டே கொழும்பை அடைந்தன. கெய்ரோ, ஈழத்து முஸ்லிமுக்குப் புராண நகரமாக இருந்தது மாறி, கப்பற் செய்தியில் அடிபடும் நகரமாயிற்று. 1882 ஜூலையில் ஆங்கிலக் கடற்படை அலெக்சாந்திரியா நகரைக் குண்டுவீசித் தாக்கிற்று. செப்டெம்பரில் தெல்-எல்-கெபீர் என்னுமிடத்தில் எகிப்தியப் படை தோற்றது. அப்படையின் தலைவரான அகமது ஒராபி பாஷாவும் அவருடைய தோழர் அறுவரும் நாடு கடத்தப்பட்டு 1883 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கினர். 'முஸ்லிம் நேசன்' தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. வரலாறே வந்து வாசலில் நின்றதென்றால் மிகையன்று. நாடிழந்த எகிப்தியப் பாஷாக்கள் கொழும்புத் தெருக்களில் நடமாடிக்கொண்டிருந்தபோது, எகிப்தியப் பாஷா ஒருவரின் மகன் நாடிழந்து மீளும் கதையை வாசகர் கையில் கொடுத்தார் சித்திலெப்பை.

இக்கதை வானத்திலிருந்து குதித்ததன்று. இஸ்லாமியத் தமிழ் மரபில் கிஸ்ஸா என்ற கதைவகையும் படைப்போர் என்ற போர்க்கதை வகையும் மசலா என்ற வினாவிடை வகையும் நெடுங்காலம் பயின்றுவந்தன. ஜின்களும் மாயக் கோட்டைகளும் கடல் கடந்த இளவரசரும் அவற்றில் மலிந்திருந்தனர். இராக்காலங்களில் ஒருவர் பாடப் பலர் கூடியிருந்து கேட்ட கதைகள் அவை. சித்திலெப்பை செய்த புதுமை, அக்கதைகளிலிருந்து ஜின்னை நீக்கிவிட்டு நடுக்கத்தை வைத்துக்கொண்டமை. மாயக் கம்பளத்தின் இடத்தில் கப்பல் வந்தது. கோட்டையின் இடத்தில் பம்பாயும் கல்கத்தாவும் வந்தன. செய்யுளுக்குப் பதிலாக உரைநடை வந்தது. கூட்டத்துக்குப் பதிலாகத் தனித்து அமர்ந்து வாசிக்கும் இளைஞன் வந்தான்.

இனி, அக்கதை தன்னுட் கொள்ளாத நகரத்தை நோக்கலாம்.

அச்சக் கதைக்கு வேண்டிய எல்லாவற்றையும் வைத்திருந்த நகரம் கண்டி. மலைகள் சூழ்ந்த பள்ளத்தில், மாலை நான்கு மணிக்கே நிழல் விழும் நகரம் அது. தலதா மாளிகைக்கு மேலே படர்ந்திருக்கும் உடவத்தை வனம், மன்னர் காலத்தில் குடிகள் புகக்கூடாத காடாக இருந்தது. நகருக்குச் செங்கடகல என்ற பெயர் வரக் காரணமானவன் எனப்படும் செங்கண்டன் என்ற பிராமணன் வாழ்ந்த குகை அக்காட்டில் இருப்பதாகக் கூறுவர். கடைசி மன்னன் 1812 அளவில் வயலை வெட்டி அமைத்த ஏரியின் நடுவே ஒரு சிறு தீவு உண்டு. அங்கிருந்து அரண்மனைக்குச் சுரங்கம் ஓடுகின்றது என்ற கதையைக் கேளாத கண்டிச் சிறுவன் இல்லை. ஏரி வெட்டுவதை எதிர்த்தவர்களை அவ்வேரியின் அடியிலேயே கழுவேற்றினான் மன்னன் என்று மற்றொரு கதை. தலதா மாளிகைக்கு அருகே மேட்டில் ஆங்கிலேயரின் பழைய படைக் கல்லறைத் தோட்டம் உள்ளது. காய்ச்சலில் இறந்த இளம் சிப்பாய்களும் குழந்தைகளும் அங்கே அடுத்தடுத்துக் கிடக்கின்றனர். கண்டி வீழ்ச்சியின் சூத்திரதாரியான ஜோன் டொய்லி 1824 இல் இறந்து அடக்கம் செய்யப்பட்டதும் அங்கேதான்.

இந்நகரின் அச்சத்தை முதன்முதல் அச்சேற்றியவன் ஓர் ஆங்கில இளைஞன். 1660 இல் கொட்டியாரக் குடாவில் தந்தையுடன் சிறைப்பட்டபோது றொபேட் நொக்ஸுக்கு வயது பத்தொன்பது. தந்தை ஓராண்டுக்குள் காய்ச்சலால் இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகளைக் கண்டி இராச்சியத்தின் ஊர்களில் கைதியாகக் கழித்தான். தொப்பி பின்னி விற்றான். சிறு வாணிகம் செய்தான். கண்டிக்கு அண்மையில் ஏலதெத்தையில் வீடும் தோட்டமும் கொண்டான். 1679 இல் வடக்கு நோக்கி நடந்து அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து தப்பினான். 1681 இல் இலண்டனில் வெளிவந்த அவனுடைய நூல், இலங்கை வரலாற்றுக்குக் கிடைத்த அரிய சான்றுகளுள் ஒன்று. நெல் விதைப்பதையும் வரி இறுப்பதையும் கணக்கர் போல எழுதிச் செல்லும் அந்நூலில் ஓரிடம் வாசகனைத் திடுக்கிட வைக்கும். இரவில் பேய் உரத்த குரலில் கூவுவதைத் தான் பலமுறை கேட்டதாகவும், அது நாய் குரைப்பதைப் போன்று கூர்மையாக ஒலிக்கும் என்றும் நொக்ஸ் உறுதியாகக் கூறுகிறான். அக்குரல் கேட்டபின் அரசன் தலைகளை வெட்டத் தொடங்குவான் என்று மக்கள் கண்டறிந்திருந்தனராம். பிற்காலத்தார் அது 'உலமா' எனப்படும் பேய்க்குருவியின் குரலாகலாம் என்பர். குருவியாயின் என்ன, பேயாயின் என்ன? அணங்கும் இறையும் ஒரே குரலில் ஒலிக்கும் இடம் இது. தொல்காப்பியரின் நிரலில் முதலும் முடிவும் இரண்டாம் இராசசிங்கனின் நாட்டில் ஒன்றாகிவிட்டன.

நொக்ஸின் நூல் டானியல் டீஃபோவின் கைக்கு எட்டியது. 1719 இல் அவர் எழுதிய 'றொபின்சன் குரூசோ'வுக்கு அது தூண்டுகோல்களுள் ஒன்றாய் இருந்தது என்று கருதுவர். அடுத்த ஆண்டு எழுதிய 'கப்டன் சிங்கிள்ரன்' நாவலிலோ நொக்ஸின் கதையையே பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டார். ஆங்கிலேயச் சிறுவர்கள் தலைமுறை தலைமுறையாக வாசித்த வீரதீரக் கதைமரபின் ஊற்றுக்களுள் ஒன்று இவ்வாறு கண்டி மலைகளில் சுரந்தது. அம்மரபு, ஆங்கிலக் கல்வி என்ற வாய்க்கால் வழியே பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டிக்கே திரும்பி வந்தது. அதைப் பருகிய முதல் தலைமுறையைச் சேர்ந்தவர் சித்திலெப்பை. பருகியவர் தம் ஊற்றுக்கண்ணைத் தேடவில்லை.

ஏன் தேடவில்லை என்பதே இக்கட்டுரையின் மையமான வினா. அவர் பிறந்தது கண்டி வீழ்ந்து இருபத்துமூன்று ஆண்டுகளின் பின். மன்னனைக் கண்ணாற் கண்ட முதியோர் அவருடைய இளமையில் நகரில் இருந்திருப்பர். முஸ்லிம்கள் கண்டிக்கு அயலவரும் அல்லர். 1626 இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து அவர்களை வெளியேற்றியபோது செனரத் மன்னன் அடைக்கலம் கொடுத்தான். அதன் பின் தவாளம் ஓட்டுவோராகவும் மருத்துவராகவும் அரச சேவையில் இருந்தனர். ஆகவே கண்டிக் கதைகள் அவருக்கு எட்டாதவை எனல் பொருந்தாது.

அக்கதைகளுள் தலையாயதை நினைவுகூர்தல் வேண்டும். 1814 இல், ஆங்கிலேயருடன் தொடர்புகொண்ட அதிகாரம் ஏகலப்பொல சப்பிரகமுவையில் கிளர்ச்சி செய்து தோற்றுக் கொழும்புக்குத் தப்பியோடினான். மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், அரண்மனையில் பிணையாக இருந்த அவனுடைய மனைவி மக்கள்மேல் தண்டனையை இறக்கினான். மூத்த மகன் அஞ்சித் தாயைப் பற்றிக்கொள்ள, இளையவனான மத்தும பண்டார முன்வந்து, எவ்வாறு இறப்பதென்று காட்டுகிறேன் என்று கழுத்தை நீட்டினான் என்பது வழக்கு. தலைகளை உரலிலிட்டு இடிக்குமாறு தாய் வற்புறுத்தப்பட்டாள் என்றும், பின்னர் போகம்பரை ஏரியில் அமிழ்த்தப்பட்டாள் என்றும் கதை தொடர்கின்றது. மருத்துவரான ஜோன் டேவி 1821 இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக எழுதினார். எட்டு ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் வாளுக்கு முன் நிற்கும் அக்காட்சியைவிட நடுக்கம் தரும் ஒன்றை எந்தக் கதாசிரியனும் கற்பித்துவிட முடியாது. அசனின் கடத்தல் இதன் முன் ஒரு விளையாட்டு.

ஆனால் அக்கதை யாருடையதாக இருந்தது என்று பார்க்க வேண்டும். அதே 1814 இன் இறுதியில், உளவாளிகள் என்ற ஐயத்தில் பத்து வணிகர் கண்டியில் உறுப்பறுக்கப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் இறந்தனர். ஆங்கிலத் தேசாதிபதி பிரவுன்றிக் போர் தொடுக்க அதுவே காரணமாகக் காட்டப்பட்டது. டொய்லியின் ஒற்றர் வலை மலைநாடெங்கும் பரவியிருந்தது என்பதை அவருடைய நாட்குறிப்பே காட்டுகின்றது; மன்னனின் ஐயம் முழுவதும் மனப்பிராந்தி அன்று. 1815 பெப்ரவரி 18 ஆம் நாள் மன்னன் மெதமகாநுவரைப் பகுதியிற் பிடிபட்டான். மார்ச் 2 ஆம் நாள் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அதன் தொடக்கப் பிரிவுகளே 'மலபார்' அரசனின் கொடுமைகளைச் சாட்டி அவனுடைய உரிமை அழிந்ததென்கின்றன. தொடர்ந்து, அவனுடைய உறவினர் அரியணைக்கு உரிமையற்றவர் என்றும், வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆடவர் அனுமதியின்றி மலைநாட்டுக்குள் மீண்டால் மரண தண்டனைக்கு உள்ளாவர் என்றும் விதிக்கின்றது. 'மலபார்' என அக்காலத்து ஆங்கிலேயர் வழங்கியது தமிழரையும், மதுரையிலிருந்து வந்து 1739 முதல் நான்கு மன்னராகக் கண்டியை ஆண்ட நாயக்கரையும் ஒருங்கே சுட்டிய சொல்.

எனவே கொடுங்கோல் மன்னனின் கதை, குழந்தையின் கதையாக மட்டும் இருக்கவில்லை. அது வெற்றி கொண்டவனின் உறுதிப்பத்திரமாகவும் இருந்தது. அக்கதையை நம்பி நடுங்குபவன், நடுங்கும்போதே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறான். நடந்தது பொய் என்று இதனாற் கொள்ளற்க. பிள்ளைகள் கொல்லப்பட்டமை உண்மை; எந்த அரசியற் காரணமும் அதனை நியாயப்படுத்தாது. ஆயின் உரலும் உலக்கையும் ஏரியும் எந்த அளவுக்கு நிகழ்ந்தவை, எந்த அளவுக்குச் சொல்லிச் சொல்லி வளர்ந்தவை என்பதை வேறாக ஆராயவேண்டும். நடுக்கம் மிகுந்த இடத்தில் சான்று தேடுவோர் குறைவர். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வாசித்தோர் பலர், அதன் நந்தினியைக் கல்வெட்டிற் காணலாமென்று எண்ணுவதும் இவ்வகைப்பட்டதே. அங்கே அதனால் யாருக்கும் தீங்கில்லை. கண்டியின் கதையிலோ ஓர் அரசனின் கொடுமை அவனுடைய இனத்தின் கொடுமையாக மாற்றப்படும் இடர் இருந்தது. அவ்விடர் 1815 உடன் முடிந்துவிடவும் இல்லை.

சித்திலெப்பை இவ்வாறெல்லாம் எண்ணித்தான் கண்டியை ஒதுக்கினார் என்று நிறுவ வழியில்லை. அவருடைய நோக்கம் வெளியுலகை நோக்கியது. எகிப்தே அவருடைய வாசகரின் கனவு. ஆங்கில ஆட்சியின் கீழ்ச் சட்டத்தொழில் செய்தவர், அவ்வாட்சியின் பிறப்புக் கதையைத் தொடாதிருந்ததில் வியப்பில்லை என்றும் கூறலாம். அவருடைய கதையில் கல்கத்தாவின் ஆங்கிலேயர் அனாதைச் சிறுவனுக்கு அடைக்கலம் கொடுப்பவராகவே வருகின்றனர். அலெக்சாந்திரியாவில் குண்டு வீசியவரும் அவர்களே என்பதை 1885 இன் வாசகன் அறிந்திருந்தான். அறிந்தும் கதையை இரசித்தான். இம்முரண்பாட்டைத் தீர்க்க முயல்வதைவிட, அக்காலத்துப் படித்த தமிழ் உள்ளத்தின் இயல்பு அதுவென ஏற்றுக்கொள்வதே நேர்மை.

அவர் காணாமல் விட்ட மற்றோர் அச்சமும் உண்டு. 1820 களில் தொடங்கிய கோப்பிப் பயிருக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர், மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே நடந்து மாத்தளையைக் கடந்து கண்டிக்கு வந்தனர். வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர் விழுந்த இடத்திலேயே கிடந்தனர். எழுபது ஆண்டுக்கு முன் எந்த மொழி பேசிய ஆடவர் மலையேறக்கூடாதென ஒப்பந்தம் தடுத்ததோ, அதே மொழி பேசியோரை அதே ஆட்சி ஆயிரமாயிரமாய் மலையேற்றிற்று. நோயால் கோப்பி அழிந்து தேயிலை தலையெடுத்த காலம் 1885. அவ்வழிநடையின் பயங்கரம் தமிழ்ப் புனைகதைக்குள் வர அடுத்த நூற்றாண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

அசன்பேக்குப் பின் வந்தவரும் இதே வழியில் சென்றனர் என்பது கவனிக்கத்தக்கது. 1891 இல் திருகோணமலை இன்னாசித்தம்பி 'ஊசோன் பாலந்தை கதை'யை எழுதினார். காட்டிற் பிறந்த இரட்டையருள் ஒருவனைக் கரடி எடுத்து வளர்க்கும் ஐரோப்பியப் பழங்கதையின் தமிழ் வடிவம் அது. கள்வரை அடுத்து விலங்கு வந்துவிட்டது. 1895 இல் அதே திருகோணமலையைச் சேர்ந்த சரவணமுத்துப்பிள்ளை 'மோகனாங்கி'யை வெளியிட்டார். தமிழின் முதல் வரலாற்று நாவல் எனப்படுவது இது. அதன் களம் மதுரை, தஞ்சை நாயக்கரின் அரண்மனைகள். ஈழத்தவர் ஒருவர் நாயக்கரைப் பற்றி வரலாற்று நாவல் எழுதுகிறார். ஆனால் தம் தீவை ஆண்ட நாயக்கரைப் பற்றியன்று, இரு நூற்றாண்டுக்கு முன் கடலுக்கு அப்பால் ஆண்டவரைப் பற்றி. பத்து ஆண்டுக்குள் வந்த மூன்று நூல்களும் கண்டியைச் சுற்றிக்கொண்டு செல்கின்றன, இரவில் ஆலமரத்தைச் சுற்றிச் செல்பவரைப் போல.

கூத்துக்காரர் சுற்றவில்லை. யாழ்ப்பாணத்து நாட்டுக்கூத்து மரபில் 'கண்டியரசன்' ஆடப்பட்டு வந்தது. படித்தவர் அச்சகத்தில் தொடத் தயங்கிய மன்னனை, படியாதவர் களரியிலே ஆடவிட்டனர். சிங்களத்திலும் ஹட்டன் பாடல்களும் நாடகங்களும் ஏகலப்பொலவின் கதையை எடுத்துக்கொண்டன. அச்சத்தின் நான்காம் நிலைக்களன் அரங்குக்கும் பாட்டுக்கும் உரியதாயிற்று; நாவல் கள்வரோடும் கரடியோடும் நின்றுகொண்டது.

இதனால் அசன்பே கதையின் மதிப்புக் குறைந்துவிடாது. தமிழில் ஓர் இளைஞனை நடுக்கத்தின் மூலம் உலகப் படத்தைப் பார்க்க வைத்த நூல் அதற்கு முன் இல்லை. கெய்ரோ எங்கே, பம்பாய் எங்கே, கப்பல் எத்திசையிற் செல்லும் என்று தேட வைத்த கதை அது. பாடநூல் செய்ய முடியாததை அது செய்தது. நடை சில இடங்களில் தளர்ந்தும் தற்செயல்கள் மலிந்தும் இருப்பதை ஒப்புக்கொள்ளலாம். டீஃபோவிடமும் அவை உண்டு.

ஒராபி பாஷா 1892 அளவில் கொழும்பின் வெக்கை தாங்காது கண்டியிற் குடியேறினார். ஹலொலுவை வீதியில் அவர் வாழ்ந்த வீடு இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. கண்டியை விட்டு எகிப்துக்குக் கற்பனையிற் சென்ற ஆசிரியரின் ஊருக்கே உண்மையான எகிப்தியப் பாஷா வந்து சேர்ந்தார். கொழும்பில் பின்னர் சாஹிராக் கல்லூரியாக வளர்ந்த பள்ளியின் தொடக்கத்தில் இருவருடைய கையும் இருந்தது. சித்திலெப்பை 1898 பெப்ரவரியில் காலமானார். கண்டியின் கடைசி மன்னன் வேலூர்க் கோட்டையில் 1832 இல் இறந்து அறுபத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவன் தன் நகரை மீண்டும் காணவில்லை. ஒராபி மட்டும் மன்னிக்கப்பட்டு 1901 இல் கப்பலேறி, அசன் சென்ற அதே கடல்வழியே கெய்ரோ திரும்பினார்.